வாசலுக்கு வாசல் ஒரு வெள்ளைக் குறி

ஈரச் சுண்ணாம்பு வாசனை... பஸ் எஸ்டேட்டுக்குள் திரும்பியதுமே ஜன்னல் வழியாக வந்துவிட்டது. செம்மண் சாலையின் இரண்டு பக்கமும் கல்லுக்குக் கல் வெள்ளை. தென்னை மரங்களுக்கு இடுப்பளவு வெள்ளை. 

எண்பதுகளில் நடந்த கதை. கோலாலம்பூரில் ஒரு பெரிய அனைத்துலக மாநாடு. வரைபடம் தயாரிப்பவர்கள், செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலத்தை ஆராய்கிறவர்கள் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் வந்திருந்தார்கள். ஏற்பாடு செய்த ஆபீஸில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். மாநாடு நல்லபடியாக முடிந்தால் பெர்மனன்ட் ஆக்கப் பார்க்கிறேன் என்று எங்கள் அதிகாரி டேவிட் சார் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அத்தனை மாதம் ஓடினேன்.

ஓடினேன் என்றால்... ஸ்டென்சில் வெட்டி, நகலெடுக்கும் ரோனியோ மெஷின் சுற்றி, கையெல்லாம் மை. வாயில் நுழையாத பெயர்களுக்கு பேட்ஜ் அடிப்பேன். எழுத்துப் பிழை என்று திரும்பி வரும். மறுபடி அடிப்பேன். பாதி நாள் சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போகும்.

மாநாட்டில் ஒரு நாள் வெளிப்பயணம். வானத்திலிருந்து எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று சரிபார்த்துக் காட்ட வேண்டும். அதற்கு புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் செம்பனை (எண்ணெய்ப் பனை) எஸ்டேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் அப்பா அங்கே மண்டோர், வேலையாட்களுக்குக் கங்காணி. சொன்னால் வேலை நடக்கும் என்று டேவிட் சாருக்குத் தெரியும்.

நில அளவைக்காரர்கள் போய் தரையில் நான்கு இடத்தில் பெரிய வெள்ளைக் கூட்டல் குறி போட்டுவிட்டு வந்தார்கள். மேலிருந்து எடுக்கும் படத்தில் அந்த நான்கும் தெரியும். அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே கணக்கு. யாரும் தொடக் கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தார்களாம். மேகம் விலகவே இல்லை. படம் எடுக்கும் விமானம் பறந்ததே பயணத்துக்கு முந்தின நாள். படங்கள் பிரிக்காத கவரில் நேராக பஸ்ஸுக்குத்தான் வந்தன.

கவரை டேவிட் சார் பஸ்ஸில் வைத்துத்தான் பிரித்தார். ஒரு படத்தை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"நாலு போடச் சொன்னோம் தேவி... இது என்ன, எங்க பாத்தாலும் இருக்கு?"

படம் முழுக்கக் கூட்டல் குறி. கோயில் முன்னால், பள்ளித் திடலில், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் வாசலுக்கு வாசல்...

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பெரிய துரை வருகிறார் என்றாலே எங்கள் எஸ்டேட்டில் சுண்ணாம்பு கரைப்பார்கள். கல், மரம், கால்வாய் ஓரம் ஒன்றையும் விடமாட்டார்கள். இப்போது வருவதோ வெளிநாட்டுக்காரர்கள். அளவைக்காரர்கள் போட்டதை இவர்கள் வரவேற்பு அலங்காரம் என்று நினைத்துவிட்டார்கள்.

பஸ் நின்றது. அப்பா சலவைச் சட்டையில் முன்னால் நின்றார். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு.

"நாங்க நாலையும் தொடவே இல்ல சார். ஆடு மாடு கூட அண்ட விடல. ஆனா வெறும் நாலுன்னா வெறிச்சுன்னு இருக்கும்லா... அதான் வீட்டுக்கு ஒண்ணு நாங்களே போட்டோம்."

டேவிட் சார் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்வேன். விஞ்ஞானிகள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்பா தரையில் காட்டினாலும் படத்தில் எல்லாம் ஒரே மாதிரி; எந்தக் குறி எதுவென்று வெயிலில் தேடினார்கள். ஒருவர் இது என்ன திருவிழா என்று என்னிடம் கேட்டார். கடைசியில் எல்லோரும் கோயில் பந்தலில் உட்கார்ந்து வடையும் டீயும் சாப்பிட்டதோடு பயணம் முடிந்தது.

கிளம்பும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவங்களுக்குப் புடிச்சிருந்துச்சா பாப்பா?"

"ரொம்பப் புடிச்சிருந்துச்சுப்பா" என்றேன். எனக்கு அழுவதற்குக் கூடத் தெம்பில்லை.

கோலாலம்பூர் திரும்பியதும் பஸ்ஸில் விட்டுப்போன தண்ணீர் போத்தல், தொப்பி எல்லாம் பொறுக்கினேன். ஒரு சீட்டில் அந்தப் படம் கிடந்தது. டேவிட் சாரிடம் நீட்டினேன். "நீயே வச்சுக்கோ தேவி. இனிமே இது யாருக்கும் ஒதவாது" என்றார்.

மாநாடு முடிந்தது. பெர்மனன்ட் ஆகவில்லை. ஆள் எடுக்க அனுமதி இல்லை என்றார்கள். அதுதான் காரணமா, சுண்ணாம்புதான் காரணமா... நான் கேட்கவில்லை. ரவாங்கில் ஒரு பேக்டரியில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயரும் ஆகிவிட்டேன். குறிகளால் வேலை கெட்டுப்போனதை அப்பாவிடம் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் நம்ம லயத்தைப் பார்க்க வந்தார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது புக்கிட் செந்தோசாவில் இருக்கிறேன். தூக்கம் வராத மத்தியானங்களில் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எங்கள் எஸ்டேட்டைத் தேடுவேன். இரண்டு விரலால் பெரிதாக்கலாம், சின்னதாக்கலாம். அன்றைக்கு அத்தனை பேர் பாடுபட்டது இன்றைக்கு சும்மா கையில் கிடக்கிறது. ஆனால் லயத்தை இடித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. எவ்வளவு பெரிதாக்கினாலும் செம்பனை, செம்பனை, செம்பனைதான்.

அப்புறம் அலமாரியிலிருந்து அந்தப் பழைய படத்தை எடுப்பேன். லயத்தில் நாங்கள் யாரும் கேமரா வைத்திருக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இருக்கிற ஒரே படம் இதுதான். முதல் குறி முனியம்மா அக்கா வாசல். அடுத்தது டிராக்டர் ஓட்டுகிற ஆறுமுகம் மாமா வாசல். அதற்கு அடுத்து, கொஞ்சம் கோணலாக ஒன்று இருக்கும்... அப்பா போட்டது.

விஞ்ஞானிகள் தேடிய நான்கு எது என்று எனக்கு இன்னும் தெரியாது. எங்கள் வீடு எது என்று தெரிகிறது.