அழுக்கென்று துடைத்தது

படப்பை போட்டோ ஸ்டுடியோவின் பின்னால் இருந்த கைப்பம்பு, அடிக்கிறவள் தோளையே பிடுங்கிவிடும். படம் கழுவுகிற தண்ணீரெல்லாம் லூர்தம்மாள்தான் அடித்துச் சுமக்க வேண்டும். ஒருநாள் காலையில் பிடியில் கை வைத்தாள், பூப்போல இறங்கியது. உள்ளே புதுத் தோல் வாஷர், மேலே கிரீஸ். லேத் பட்டறை ரகுபதி வந்து மாட்டிவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர்தான் சொன்னார். ரகுபதி அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தான், அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

அவன் சுபாவம் அப்படி. பட்டறையில் கடைசல் வேலை பார்த்துக்கொண்டே, கண்ணாடியைத் தன் கையால் தேய்த்துத் தேய்த்து ஒரு தொலைநோக்கி செய்திருந்தான். அதில் கேமராவை மாட்டி, ஒரகடம் பக்கத்து ஏரிக்கரையிலிருந்து வானத்தைப் படம் பிடிப்பான். நிலாவைப் பிடித்து அலுத்தபின், வெகுதூரத்து நட்சத்திர மண்டலம் ஒன்றின்மேல் ஆசை வைத்தான். அந்த மங்கல் வெளிச்சம் ஃபிலிமில் இறங்க நாழி பிடிக்கும். வானம் நகர நகர, குழாயையும் கையாலேயே திருகி நகர்த்த வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு.

"கண்ணுக்கே தெரியாதத இன்னாத்துக்குப்பா புடிக்கிற?" என்பார் ஸ்டுடியோ முதலாளி அண்ணாதுரை. "ஒரு பொண்ண பாரு, கல்யாணப் படம் நான் புடிச்சுத் தர்றேன்."

"பொண்ணு வூட்டுல வந்து விசாரிச்சா, இத மட்டும் சொல்லிடாதீங்கண்ணே."

தொண்ணூற்றொன்றாம் வருஷம் பொங்கல் லீவில், மழைமேகம் ஒழிந்து வானம் துப்புரவாக இருந்தது. ஒரு ராத்திரி ஏரிக்கரையில் அந்த மண்டலத்தைப் பிடித்துவிட்டு, மறுநாள் ரகுபதி சுருளைக் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணாதுரை கழுவித் தர, லூர்தம்மாள் காயப்போட எடுத்தாள். முன்கட்டங்களில் நிலா. கடைசிக் கட்டம் ஏறக்குறைய வெறுமை. தூசுபோலக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் சாய்வாக ஒரு சாம்பல் திட்டு. ஃபிலிமில் வெளிச்சம் கறுப்பாக விழும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் முகத்தையும் மாலையையும் பார்த்துப் பழகிய கண். தன் விரல்தான் பட்டுவிட்டது என்று பயந்தாள். அந்தப் பிள்ளையின் படத்தைச் சுத்தமாகத் தர வேண்டுமே என்று ஈரப் பஞ்சால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். ஈர ஃபிலிமின் மேல்பூச்சு பாலாடை மாதிரி, வழித்துக்கொண்டு வந்துவிட்டது.

"லூர்து, கடசீல மசமசன்னு ஏதாவது விழுந்துகீதா பாரு" என்று முன்னறையிலிருந்து அண்ணாதுரை கேட்டார். "அதுக்குத்தான் அவன் ஏங்கிக் கெடக்கிறான்."

தான் வழித்துப்போட்டது அதைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கட்டத்தைக் கத்தரித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஒண்ணும் விழலண்ணே."

மாலையில் வந்த ரகுபதியிடமும் அதையே சொன்னாள். "வெறும் ஃபிலிமுதான் தம்பி. வெட்டிப் போட்டுட்டேன்."

அவன் சந்தேகப்படவில்லை. "கண்ணாடிக்குத் தெம்பு பத்தல போலக்கா. தேய்ச்சவன் நான்தான, யாரச் சொல்றது" என்று போய்விட்டான். கண்ணாடியைத் திரும்பவும் தேய்க்கப்போய் நடுவில் கீறல் விழுந்தது. அடுத்த தடவை அவள் பட்டறை வழியாகப் போனபோது, தொலைநோக்கிக் குழாயில் இரும்புக் கம்பிகள் சொருகிக் கிடந்தன.

தவக்காலம் பிறந்தது. மாதா கோயிலில் பூசையின்போது எல்லாரும் நன்மை அப்பம் வாங்க எழுந்தார்கள். பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாதே என்று லூர்தம்மாள் குனிந்தபடியே இருந்தாள்.

"இன்னாடி, எழுந்திரிக்கல? காலு வலியா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமா, வலி" என்றாள். ஆண்டவர் சந்நிதியிலும் ஒரு பொய். அவமானத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரகுபதிக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, இன்றைக்கே புறப்படுகிறான் என்று கேள்விப்பட்டதும், ஈரக்கையோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். படுக்கைக்கட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, அந்தப் படம் விழுந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு நான்தான் சொரண்டிட்டேன். பயந்துகினு பொய் சொல்லிட்டேன்." அவளால் நிமிர முடியவில்லை.

அவன் படுக்கைக்கட்டைக் கீழே இறக்கி வைத்தான்.

"எப்டிக்கா இருந்துச்சு?"

"ஈரக் கட்டவெரல சாய்ச்சு வெச்சாப்புல. நடுவுல கறுப்பா, ஓரமெல்லாம் பொக மாதிரி."

"அதேதான்" என்றான். அவன் முகம் மலர்ந்து, மறுபடி வாடியதை அவள் நிமிர்ந்து பார்த்தாள். பஸ் வந்தது. படுக்கைக்கட்டை உள்ளே தள்ளிவிட்டு, படியில் நின்று திரும்பினான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, மறுநாளே திரும்பப் புடிச்சிருப்பேனே லூர்தக்கா. அது அங்கியேதான இருந்துச்சு."