முழுக்குப் பதிவேடும் ஒன்பது பேரும்

அன்று வாய்க்கால் கரையில் இருந்தவர்கள்: போதகர் ஒருவர், அவர் மனைவி, முழுக்கு எடுக்க வந்தவர்கள் ஆறு பேர், பாட்டுப் பாட மூன்று பேர், சொந்தக்காரர்கள் பதினொரு பேர், வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள் பதினான்கு பேர், நான். ஆக முப்பத்தேழு. நாய்களைச் சேர்க்கவில்லை.

சபையில் மூப்பர் வேலை என்பது நல்லவர்களைச் சந்தேகப்படுகிற வேலை. ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று வாரம் கேள்வி கேட்க வேண்டும். சுவிசேஷம் புரிந்து வருகிறார்களா, வேறு எதற்காவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். தேறியவர்கள் தண்ணீரிலிருந்து எழுந்ததும் பெயரை ஏட்டில் எழுத வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. முகம் பார்த்துப் பேச வராது. ஏட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பேன். இதே வேலை பார்க்கும் மூப்பர்களே, நீங்களும் இதையெல்லாம் பட்டுத்தான் இருப்பீர்கள்.

இந்த முறை கேட்டு வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் தமிழரசி என்கிற, நடவு வேலைக்குப் போகும் அம்மாவைத் தண்ணீரில் இறக்குவதா வேண்டாமா என்பது என் ஒரு வார்த்தையில் நின்றது. நான் எழுதுகிற எழுத்தில் அவர் மகளுடைய நர்சிங் படிப்பே போய்விடலாம். அதற்கு முன்னால் திரும்பிப் போன மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தமிழரசியை நான் ஏன் அவ்வளவு குடைந்தேன் என்று உங்களுக்குப் புரியாது.

தை மாதத்துக்குள்

கும்பகோணத்தில் பாத்திரக் கடையில் வேலை செய்யும் பையன். நம் சபைப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். வகுப்புக்கு ஒரு நாள் தவறியதில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். "இயேசு எதுக்காக மரிச்சாரு தம்பி?" என்று கேட்டேன். பின் பெஞ்சில் இருந்த வருங்கால மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் வாயசைத்தார். இவன் அதைப் படிக்கப் பார்த்தான். சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"தம்பி, பொண்ணு இல்லேன்னா இதக் கேட்டு வந்திருப்பியா?" என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த மட்டும் நல்ல பையன். "கல்யாணம் தை மாசந்தான் மூப்பரே. அதுக்குள்ள முழுசா நம்பிடறேன்."

முழங்கால்

கீழ்வேளூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்க்கிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இரண்டு முழங்காலிலும் வலி. நாகூர் போய் வந்திருக்கிறார், தைலம் தேய்த்திருக்கிறார், ஊசி போட்டிருக்கிறார். "இங்க எத்தனை முழுக்குப் போடணும்?" என்று முதல் நாளே கேட்டார்.

நான் ஏட்டைப் பார்த்தபடி பொறுமையாகச் சொன்னேன். இந்தத் தண்ணீர் வலியைப் போக்காது. பாவத்தைக்கூட இது கழுவாது. அது சிலுவையில் முடிந்த வேலை; அதை நம்புகிறவனுக்கு முழுக்குக்கு முன்னாலேயே மன்னிப்பு உண்டு. சொல்லி முடித்ததும் எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "தண்ணி ஒண்ணுமே செய்யாதுன்னா, அப்புறம் எதுக்குங்க இத்தனை பேர அதுல இறக்கறீங்க?"

முழங்கை

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். குழந்தையில் ஒரு சபையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். வளர்ந்ததும் இன்னொரு சபையில் முழுக்கு எடுத்திருக்கிறார். இப்போது மூன்றாவது வேண்டுமாம். ஏன் என்றால், முன்பு முழுக்கியபோது வலது முழங்கை தண்ணீருக்கு மேலே நின்றுவிட்டதாம். அன்றிலிருந்து ஒரு கெட்டது நடந்தால் அந்த முழங்கைமேல்தான் அவருக்குச் சந்தேகம்.

"நம்பிக்கைதாம்மா முக்கியம், முழங்கை இல்ல. ஒருமுறை எடுத்தது போதும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாரா வாரம் ஆராதனையில் நான் தலை எண்ணுவதைப் பார்த்திருப்பார். "நீங்களே ஒத்தை இரட்டை விடாம எண்ணுறவரு. நனையாத முழங்கை கணக்குல வருமா, வராதா, அத மட்டும் சொல்லுங்க!"

எழுத வேண்டாம்

தமிழரசியிடம் அந்த முழங்கால்காரர் கேட்ட கேள்வியையே கேட்டேன். இந்த அம்மாவை மடக்கத்தான். அவர் சேற்றுக் காலோடு வாசற்படியிலேயே நின்றார். "செய்ய வேண்டியத அவரு செஞ்சுட்டாருங்களே ஐயா. நான் அவரு ஆளுன்னு ஊருக்கு முன்னால சொல்றதுக்குத்தான் இந்தத் தண்ணி" என்றார். நான் மூப்பராக இருக்கும் முப்பத்தொரு வருடத்தில் யாரும் எனக்கு அப்படிச் சுருக்கமாகச் சொன்னதில்லை. இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே, யார் சொல்லிக் கொடுத்தது என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

சந்தேகம் வீண்போகவில்லை. "ஆனா என் பேர மட்டும் ஏட்டுல ஏத்தாதீங்க" என்றார். ஏட்டில் ஏறினால் மதம் மாறியதற்கு அது சாட்சி. கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது என்று குடும்பத்தின் சாதிச் சான்றிதழில் கை வைப்பார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தாள்; ஒதுக்கீடு போனால் சீட்டும் போகும். எனக்குக் கோபம் வந்தது. "ஊருக்கு முன்னால சொல்றேங்கற, ஏட்டுல மட்டும் ஒளியறியாம்மா? எழுதாத முழுக்கு முழுக்கே இல்ல" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "மேல ஒரு ஏடு இருக்கு, அதுல என் பேரு இருக்குன்னு நீங்கதானய்யா பாடம் சொன்னீங்க. அது போதாதா?"

மொட்டைக் கடிதம்

போதகரிடம் போனேன். என் மகன் வயது அவருக்கு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். போன வருடம் நம் சபையார் ஒருவர் மகனுக்குச் சான்றிதழ் கேட்டபோது, தாலுகா ஆபீசுக்குப் போன மொட்டைக் கடிதத்தின் நகல். கையெழுத்து இல்லை. ஆனால் நம் ஏட்டின் வரிசை எண் சரியாக இருந்தது. அந்தப் பையனுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஏடு இருக்கும் பீரோவின் சாவி என் அரைஞாணில். ஞாயிற்றுக்கிழமை மட்டும், யாரை முழுக்கினோம் என்று வருகிறவர் போகிறவர் யாரும் பார்க்க, மேசைமேல் திறந்து வைப்பேன். அதை ஒரு ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போதகர் இழுப்பறையைச் சாத்தினார். "எழுதறதா வேண்டாமாங்கறத நீங்களே முடிவு பண்ணுங்க மூப்பரே. ஏட்ட உங்களவிட உன்னிப்பாப் பாக்குற ஆள் ஒருத்தன் இருக்கான், அது யாருன்னுதான் எனக்குத் தெரியல."

நாலாவது ஆள்

அன்று வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. மூன்று பேரை எழுதியாகிவிட்டது. நாலாவதாகத் தமிழரசி இறங்கினார். வேடிக்கை பார்த்த பதினான்கு பேரில் அவர் கணவருடைய தம்பியும் இருந்தான். குத்தகை நிலத் தகராறில் அண்ணன் வீட்டோடு பேச்சில்லாதவன். "அண்ணி, தல நல்லா முழுகட்டும்! இனிமே நம்ம கோயில் பொங்கலுக்கு வரவேணாம்!" என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். போதகர், "இயேசுவை ஆண்டவர்னு நம்புறீங்களா?" என்று கேட்டார். தமிழரசி அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, கரையைத் திரும்பிப் பார்த்து, நடவுப் பெண்கள் வரப்புக்கு வரப்பு கூப்பிடும் குரலில், "நம்புறேன்!" என்றார். எதிர்க்கரையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நான் ஒளிகிறாய் என்று சொன்னது இவரைத்தான்.

அவர் முழுகி எழும்போது என் பேனா தாளில் இருந்தது. ஆண்டவருக்கு முன் பொய்க்கணக்கு எழுதுவதா என்று யோசித்தேன். அப்போது அந்தத் தம்பி பக்கத்தில் வந்து நின்றான். குரல் தேனாக இருந்தது. "அண்ணிக்கு எத்தனாம் நம்பர் போடறீங்க மூப்பரே?" முழுக்குப் பார்க்க வந்த எவனும் இதுவரை என்னிடம் வரிசை எண் கேட்டதில்லை. "ஏட்ட இனிமே யாருக்கும் காட்டறதில்ல தம்பி" என்று மூடினேன். அடுத்தவர் எழுந்ததும், தமிழரசிக்கு வரவேண்டிய எண்ணில் அந்த அடுத்தவர் பெயரை எழுதினேன். இடம் விடவில்லை, விட்ட இடமும் காட்டிக்கொடுக்கும்.

மகளுக்குக் கலந்தாய்வு அடுத்த வாரம். சீட்டு கிடைக்குமா என்று தெரியாது. தமிழரசி ஈரத் தலையைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். பெயரை எழுதினேனா என்று கேட்கவில்லை. "ஐயா, நான் சொன்னது அந்தக் கரைக்குக் கேட்டுச்சா?"

முப்பத்தொரு வருடம் துருவித் துருவிக் கேட்டதில் எனக்கு எந்தச் சந்தேகமும் மிஞ்சாமல் தேறிய ஒரே ஆள்தான் என் ஏட்டில் இல்லை: முழுகியவர்கள் ஆறு, எழுதியது ஐந்து, மிச்சம் ஒன்று.