வதனியின் பாட்டும் என் வலிப்பும்

முதலில் வந்தது ஒரு ருசி. சில்லறைக் காசை வாயில் போட்டுச் சப்பினால் வருமே, அந்த ருசி. அகதிகள் விடுதியின் பொதுச் சமையலறையில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு நெஞ்சுக்கு ஏறியது. இதெல்லாம் முன்பே ஒருமுறை நடந்துவிட்டது, அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும் என்று ஒரு நிச்சயம் தோன்றியது. அதன்பின் எதுவும் நினைவில்லை. திரும்ப ஆட்கள் கண்ணில் பட்டபோது என் வலது கையில் கொதியெண்ணெய் பட்டுத் தோல் உரிந்திருந்தது.

நான் விழவில்லையாம், கத்தவில்லையாம். வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு, போட்டிருந்த சட்டையை இழுத்து இழுத்து நின்றேனாம். கண்ணூறு, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு குளிரில் திரிந்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த எரிச்சல் கையின் எரிச்சலைவிடப் பெரிதாக இருந்தது.

அது எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலம். நானும் இவரும் இலங்கையிலிருந்து வந்து கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டில் விமானத்தால் இறங்கி, மேற்கே கடந்து, அங்கிருந்து ஜெர்மனியின் தெற்கே ஒரு சிற்றூருக்கு அனுப்பப்பட்டிருந்தோம். மகள் ஆரணி அங்கேதான் பிறந்தாள். அந்த ஊர் வைத்தியர் என் நாக்கையும் காதையும் பார்த்துவிட்டு, ‘ஹைம்வே’ (வீட்டை நினைத்து ஏங்குதல்) என்று சொல்லித் தூக்க மாத்திரை தந்தார். வீட்டை நினைத்து ஏங்காதவர் ஒருவர்கூட அந்தக் கட்டடத்தில் இல்லை. எல்லோருமா சட்டையை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள்? இதைக் கேட்க என்னிடம் ஜெர்மன் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் முறை வந்தபோது கையில் ஆரணி இருந்தாள்.

அவளைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த ருசி வந்தது தெரியும். அவளைக் கட்டிலில் வைக்க வேண்டும் என்று நினைத்ததும் தெரியும். வைக்கவில்லை. கீழே விழுந்த என் பிள்ளைக்குக் காறை எலும்பு முறிந்தது. அவள் கத்திய கத்தலில் இவர் ஓடிவந்தாராம். நான் பக்கத்தில் நின்று வாயைச் சப்பிக்கொண்டிருந்தேனாம். இதை இவர் ஒரே ஒரு தடவைதான் எனக்குச் சொன்னார். அதுவே போதும்.

அதற்குப் பிறகு குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். சிரித்த முகம், கையில் ஒரு துணி முயல். என் வருத்தம், இந்த நோய், அடங்கும்வரை பிள்ளை வேறொரு குடும்பத்தில் இருப்பதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று மெதுவாகச் சொன்னாள். அடங்காவிட்டால்? அதைப் பிறகு பார்க்கலாம் என்றாள். அந்தக் குடும்பம் அடுத்த மாவட்டத்தில் இருந்தது. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதியில்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் போய் நின்று அனுமதி கேட்டேன். போகும்போதெல்லாம் ஆரணி அந்த வீட்டுக்காரியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். எனக்குப் பால் வற்றிப்போனது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தலையில் பசை பூசி வயர்களை ஒட்டி இ.இ.ஜி. (மூளையில் ஓடும் மின்னோட்டத்தைக் கோடுகளாக வரையும் சோதனை) எடுத்தார்கள். என்னைப் பார்த்த டொக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். வலிப்பு வந்த நேரங்களில் சுற்றிலும் என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். யோசித்துப் பார்த்த இவர்தான் சொன்னார், இரண்டு தடவையும் பக்கத்து அறையில் கசற் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது என்று.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். இசைவழி வலிப்பு என்று ஒன்று இருக்கிறதாம் (குறிப்பிட்ட சில பாட்டுகளைக் கேட்டால் மட்டும் மூளையில் கிளம்பும் வலிப்பு). மிகவும் அரிதாம். பெரும்பாலும் மனதோடு ஒட்டிய பாட்டுதான் அதைக் கிளப்புமாம். உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டுகளைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றும் எதை நினைவுபடுத்துகிறது என்று சொல்லுங்கள், வயர்களை ஒட்டிக்கொண்டு கேட்டுப் பார்ப்போம் என்றார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனத்தை நான் செய்தேன்.

மொழிபெயர்க்க வந்தவர் தியாகராசா மாஸ்டர். எங்கள் விடுதியில் இருந்தவர், ஊரில் கணக்குப் படிப்பித்தவர். உதவி என்றால் மறுக்கமாட்டார், ஆனால் அவர் காதில் விழுந்தது பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும். அவருக்கு முன்னால், கட்டின புருசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குப் பிடித்த பாட்டு இது என்று சினிமாக் காதல் பாட்டைச் சொல்வதா? நான் பக்திப் பாட்டுகளாகப் பொறுக்கிக் கொண்டுபோனேன். இது அம்மாவோடு விரதம் பிடித்த நாட்களில் கேட்டது, இது கோயில் திருவிழாவில் கேட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டினேன். மாஸ்டர் உருகிப்போய் மொழிபெயர்த்தார். நல்ல வளர்ப்பு என்று இவரிடம் என்னை மெச்சினார். காகிதத்தில் கோடுகள் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் ஓடின.

பாட்டுக்கும் வலிப்புக்கும் தொடர்பு காணவில்லை, காரணம் தெரியவில்லை என்றுதான் எழுதவேண்டிவரும் என்றார் டொக்டர். அந்தக் கடிதம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். காரணமே தெரியாத வருத்தக்காரியிடம் யார் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார்கள்? வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று வந்துவிட்டது.

“மாஸ்டரை வெளியில இருக்கச் சொல்லுங்கோ,” என்று இவரிடம் சொன்னேன். “நான் கொண்டுவந்தது ஒண்டும் எனக்குப் பிடிச்ச பாட்டில்லை.”

இவருக்கு அப்போது தட்டுத்தடுமாறிப் பேசுமளவுக்கு ஜெர்மன் வந்திருந்தது. அடுத்த தடவை மாஸ்டர் இல்லாமல் போனோம். உண்மையான பாட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். ரியூசனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிநேகிதிகளோடு தியேட்டருக்குப் போய்ப் பார்த்த படத்தின் பாட்டு. மினிபஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போகும்போது றைவர் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு. பிறகு ஒருவன், எனக்கென்று ரெக்கோடிங் கடையில் காத்துக்கிடந்து ஒரு கசற் நிறையப் பாட்டு அடித்துத் தந்தவன், அதில் முதலாவதாக வைத்திருந்த பாட்டு. அந்தப் பையனின் பெயரை இவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் டொக்டருக்குச் சொன்னார். ரயிலில் திரும்பி வரும்போது என் பக்கத்தில் இருக்காமல் வேறு இருக்கையில் போய் இருந்தார்.

அந்தப் பாட்டுகளுக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மிஞ்சியிருந்தது வதனி.

வதனி என் தங்கச்சி. எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது குறைவு, கசற்றில் பேசி அனுப்புவார்கள். அம்மா அழுவா, ஐயா சுகம் விசாரிப்பார், பேச்சு முடிந்து நாடா மிஞ்சினால் அதை வெறுமையாக விட மனம் வராமல் வதனி பாடுவாள். அவள் பாடியிருந்தது அந்த நாட்களில் எல்லோர் வீட்டிலும் ஓடிய ஒரு சினிமாப் பாட்டு. விடுதியின் அறைகளிலும் அதுதான் ஓடும். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அதை முதல் வரி அவளும் அடுத்த வரி நானுமாகப் பாடுவோம். என் வரிகள் வரும் இடங்களில் அவள் கசற்றில் பாடாமல் இடைவெளி விட்டிருந்தாள், நான் இங்கிருந்து பாடிக்கொள்ள வேண்டுமாம். நான் வெளிக்கிட்ட நாளில் அவளுடைய நல்ல செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்கு அவள் கோபித்ததும், பிறகு தானே குனிந்து வாரை இறுக்கிவிட்டதும் அந்தப் பாட்டைக் கேட்டால் அப்படியே வரும். அவளுடைய எண்ணெய்த் தலை மணம்கூட வரும்.

கசற்றைப் போட்டார்கள். முதல் இடைவெளி வருமுன்னே வாயில் அந்த ருசி வந்தது. தெளிந்தபோது டொக்டர் காகிதத்தை இவருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கோடுகள் கோணல்மாணலாகத் துள்ளியிருந்தன. நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எனக்குச் சந்தோசமாக இருந்தது, இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

முதலில் தந்த மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து தோல் கழன்றது. அடுத்ததற்கு நாள் முழுக்கத் தூங்கினேன். அப்படித் தூங்குகிறவளிடம் கைக்குழந்தையைக் கொடுக்கமாட்டார்கள். கசற்றைத் தூக்கிக் குப்பையில் போடுவோம் என்றார் இவர். ஆனால் அந்தப் பாட்டை யார்தான் போடாமல் இருக்கிறார்கள்? நாளைக்கு ஒரு கலியாண வீட்டில், ஒரு கடையில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கேட்டால் என்ன செய்வது?

அப்போதுதான் டொக்டர் பழக்கச் சிகிச்சை பற்றிச் சொன்னார் (வலிப்பைக் கிளப்பும் சத்தத்தையே ஓயாமல் கேட்கவைத்து மூளைக்கு அதைச் சலிக்கச் செய்வது). ஒரு வலிப்பு வந்து அடங்கியதும் மூளை களைத்திருக்கும், உடனே இன்னொன்று வராது. அந்த நேரத்தில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். நாள்தோறும், வாரக்கணக்காக. அதன் விலையையும் அவர் ஒளிக்கவில்லை.

“இந்தப் பாட்டு உமக்கு ஒண்டுமில்லாமப் போயிடும் எண்டு சொல்லுறா,” என்றார் இவர். “சம்மதமோ எண்டு கேக்கிறா.”

“பிள்ளை வருமோ எண்டு கேளுங்கோ.”

“வலிப்பு நிண்டால் குடுக்கச் சொல்லித் தான் எழுதுவன் எண்டு சொல்லுறா.”

“அப்ப ஓம்.”

ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். காலையிலும் பின்னேரத்திலும் வயர்களை ஒட்டுவார்கள், வதனி பாடுவாள், எனக்கு வலிப்பு வரும். தெளிந்ததும் மறுபடி வதனி பாடுவாள். மறுபடியும், மறுபடியும். முதல் நாட்களில் பாட்டு முடியமுடிய அழுதேன், நிறுத்துங்கோ என்று தமிழில் கெஞ்சினேன். தாதிக்கு விளங்காது, விளங்கினாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். பிறகு செருப்பு வருவது நின்றது. எண்ணெய் மணம் நின்றது. மூன்றாம் வாரமளவில் ருசி வந்து தொண்டையோடு போய்விட்டது. கோடுகளில் மட்டும் சின்னத் துள்ளல். பிறகு அதுவும் இல்லை.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவள் சுருதி விலகிப் பாடுகிறாள் என்பது காதில் பட்டது. மேலே போகும் இடத்தில் அவளுக்குக் குரல் எட்டவில்லை. நடுவில் இருமுகிறாள். பிறந்ததிலிருந்து கேட்ட குரல், எங்கள் தெருவிலேயே நன்றாகப் பாடுகிறவள் என்று நான் பெருமையடித்த குரல், பல்லைக் கடிக்க வைத்தது. என் வரிக்காக அவள் விட்ட இடைவெளிகளில் நாடாவின் இரைச்சல் மட்டும் கேட்டது. அங்கே பாடவேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எப்போது நிற்கும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். டொக்டர் என் தோளில் தட்டி, மிக நல்ல முன்னேற்றம் என்றார்.

வலிப்பு நின்றது. சில மாதம் பார்த்துவிட்டு ஆரணியைக் கொடுத்தார்கள். நான் தூக்கியதும் அந்த ஜெர்மன்காரியின் பக்கம் கையை நீட்டி வீரிட்டு அழுதாள். அழட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். கொஞ்சக் காலத்தில் என்னோடு ஒட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோசத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்த ஆண்டு செய்தி வந்தது. எங்கள் ஊரில் ஷெல் விழுந்ததில் வதனி போய்விட்டாள். லண்டனில் இருந்த மைத்துனர் விடுதி அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்துச் சொன்னார்.

எங்கள் அறை நிறைய ஆட்கள். உடல் இல்லாத செத்தவீட்டில் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் அழாமல் இருந்தது அவர்களைப் பயப்படுத்தியது. அடக்கிவைத்தால் ஆள் முடிந்துபோகும், அவள் பாடின கசற்றைப் போடுங்கோ என்றார் மாஸ்டர். இவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார், வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம். போட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள், இவரும் அழுதார், அவளைக் கண்டேயிராத பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு ருசி வரவில்லை, சூடு வரவில்லை. இருமல் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்திருந்தது, அந்த இடத்தில் வந்தது. கல் நெஞ்சுக்காரி என்று கதவடியில் யாரோ சொன்னது கேட்டது.

எனக்கு வந்ததைப் போன்ற வருத்தத்தோடு இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன். சிகிச்சை பலிக்கும். டொக்டர் கேட்பதை மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள். திரும்ப அந்த அறையில் என்னை இருத்திக் கேட்டாலும் ஓம் என்றுதான் சொல்வேன், ஆரணி என் மடியில் இருக்கிறாள். ஆனால் பாட்டோடு போவது பாட்டு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போதும் சில வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கசற்றைப் போடுகிறேன். கிணற்றடி வராது, செருப்பு வராது. தலையில் பசை காய்ந்து தோல் இழுபடுவது வரும், அந்த அறையின் கடிகாரம் வரும். வதனி அப்போது உயிரோடு இருந்தாள். ஊரில் சாப்பிட்டுக்கொண்டோ, தலை சீவிக்கொண்டோ இருந்திருப்பாள். நான் இங்கே, இவள் எப்போது வாயை மூடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.