பதினேழிலிருந்து ஐம்பது வரை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'வலிக்காத அக்கா' என்று பெயர். ஊசி ஏறியதே தெரியாது. ஒரு நாளைக்கு அறுபது கைகளையாவது தொடுவாள். ஒரு முகமும் மனதில் நிற்காது. அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. நாற்பத்தாறு வயதில், யாரிடமும் மூச்சுவிடாமல், லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய சின்ன மிரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினாள். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகள் அதோடுதான் போயின.

கூடவே வந்த ஜூம் லென்ஸ் ஒருநாள் மாடிப்படியில் இடித்து மக்கர் செய்தது. தூரத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் பாதியில் சிக்கிக்கொண்டது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, வேறு இரண்டை எடுத்து வைத்தார்.

"இது பதினெட்டுல இருந்து நூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர், எண் கூடக் கூட தூரத்துல இருக்கிறது கிட்ட வரும். எட்ட இருக்கிறதை இழுத்துக் குடுக்கும், வீட்டுக்குள்ள வெளிச்சம் பத்தாது. இது பதினேழுல இருந்து அம்பது. தூரம் போகாது, ஆனா மங்கின வெளிச்சத்துலயும் நல்லா எடுக்கும். நீங்க எதை எடுப்பீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"அப்படிச் சொன்னா நான் என்னத்தைக் குடுக்கிறது? ஒவ்வொரு படத்துலயும் லென்ஸ் எந்த எண்ல இருந்துச்சுன்னு பதிவாகியிருக்கும். பாத்துட்டு வாங்கம்மா."

அன்று சாயங்காலம் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நாலாயிரம் படங்கள். முக்கால்வாசி ஐம்பதில், பழைய லென்ஸ் எட்டிய கடைசித் தூரத்தில். பூங்கா, பேருந்து நிறுத்தம், பாலம், எல்லாருடைய முதுகும். அண்ணன் குடும்பத்தைக்கூட வாசற்படியில் நின்றே எடுத்திருந்தாள்.

மறுநாள் கடையில், "நீளமானதே குடுங்க, நான் தூரத்துல நிக்கிற ஆளு" என்றாள்.

"ரெண்டையும் மாட்டிப் பாத்துடலாமே." கடைக்காரர் அவள் கேமராவில் சின்னதை மாட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்துக்கு வந்தார். "அப்படியே இருங்க."

திரையில் அவள் முகம். காதோரம் நரை, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத உதடு. அந்த நாலாயிரத்தில் அவள் ஒன்றில்கூட இல்லை.

"அழிச்சிடவா?"

"வேண்டாம், இருக்கட்டும்." அந்த லென்ஸையே வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அண்ணன் மகளின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"ஐயோ அத்தை, மூஞ்சிக்குள்ளயே வர்றீங்களே!"

"உங்க அத்தை இப்பவாவது கிட்ட வந்தாளேன்னு சந்தோஷப்படு" என்று அண்ணன் சிரித்தார்.

அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஓரடி பின்வாங்கினாள், வாசல்வரை போகவில்லை. சற்று நேரத்தில் பெண் அவளை மறந்து எழுத ஆரம்பித்தாள். மூன்று படங்கள் நன்றாக வந்தன.

அதற்குள் அண்ணி கிளம்பி நின்றாள். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். "நீ வர்றது தெரிஞ்சிருந்தா உனக்கும் சேர்த்து எடுத்திருப்போமே."

"பரவால்ல அண்ணி, துவைக்கிற துணி கிடக்கு."

அறைக்கு வந்து அந்த மூன்றையும் அண்ணனுக்கு அனுப்பினாள். கண்ணிமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பதில் வரவில்லை, சினிமா இன்னும் முடிந்திருக்காது. கேமரா பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு வாளியில் தண்ணீர் பிடித்தாள்.