ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து

காஹாங் ஊரில் வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த முதல் நாள். பிள்ளைகளுக்கு மனத்துணையாக இருக்கச் சொல்லி, தம்போய் மனநல மருத்துவமனையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். பள்ளி மண்டபத்து மூலையில் ஒரு சிறுமி வெறுங்காலுடன் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் தன் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியதும் மண்டபம் மெல்லக் கரைந்தது.

எனக்கு ஒன்பது வயது. அன்றும் இப்படித்தான் வெள்ளம் வடிந்திருந்தது. வகுப்பெங்கும் சேற்று நாற்றம். எல்லாரும் படகு வந்த கதையை மாறி மாறிச் சொன்னார்கள். நான் மட்டும் வாயே திறக்கவில்லை. சரஸ்வதி டீச்சர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கழுவி வைத்திருந்த என் சப்பாத்தில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு, மற்றதை என்னிடம் தந்தார். இருவரும் வெள்ளை பூசினோம். ஜன்னல் வெயிலில் அது காயக் காயப் பால்போல வெளுத்தது. அவர் எதுவும் கேட்கவில்லை.

“நாயக் கட்டிப் போட்டது நாந்தான் டீச்சர். படகு வந்தப்ப அவுத்துவிட மறந்துட்டேன்.”

அவர் கை ஒரு கணம் நின்றது.

“அது பேரு என்னடா?”

“மணி.”

“மணி,” என்று அவரும் ஒருமுறை மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மண்டபத்தில் என் கையிலிருந்த தாளில், பிள்ளைகளிடம் கேட்கவேண்டிய கேள்விகள் வரிசையாக இருந்தன. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சிறுமியின் அருகே தரையில் உட்கார்ந்தேன். அவள் ஒரு சப்பாத்தைப் பூசி முடித்துக் காய வைத்தாள். பிறகு அவள், நிமிர்ந்து பார்க்காமலே, மற்ற சப்பாத்தை என் பக்கம் தள்ளினாள்.