அம்மாவுக்கு அடித்த சல்யூட்

ஒன்பதாவதோடு படிப்பை முடித்த எனக்கு, புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்து ஓட்டலில் வேலை கிடைத்தது. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு, காரில் வருபவர்களுக்கு சல்யூட் அடிக்க வேண்டும். நடந்து வருபவர்களுக்குக் கிடையாது. பிடிக்காத வேலை. ஆனாலும் பழகி, வீட்டில் பூனை வந்தால்கூடக் கை நெற்றிக்குப் போனது.

ஒருநாள், வீராம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வந்த என் அம்மா, வெயில் தாங்காமல் ஓட்டல் வாசல் நிழலில் கூடையை இறக்கினார். அவர் யாரென்று மானேஜருக்குத் தெரியாது.

"யோவ், அந்த மீன்காரிய வெரட்டுய்யா, நாறுது!"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வேலை போய்விடக்கூடாதே என்று, யாரோ எவரோ போல, "போயிடறேன் சார்" என்று என்னிடமே சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கக் குனிந்தார்.

பெற்றவள் என்னை சார் என்கிறாள்! குதிகாலைச் சேர்த்து விறைப்பாக அம்மாவுக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.

"என்னய்யா பண்ற?"

"எங்கம்மா சார். கார்தான் கொண்டாரல."

"வெளிய போடா!"

தொப்பியை மானேஜர் கையில் கொடுத்தேன். பயம் வரும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்ததுபோல் இருந்தது. கூடையை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன்.

"வேல போச்சு, சிரிக்கிற?"

"சார்கிட்ட மரியாதையா பேசும்மா."

முதுகில் ஒன்று விழுந்தது.

அடுத்த வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனது. அதுவரை அம்மாவோடு தெருத்தெருவாக மீன் விற்றேன். "யாரும்மா இது?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா சத்தமாகச் சொன்னார்: "எம்புள்ள!"