வெள்ளிக்கிழமைச் சைவம்

தேவனாம்பட்டினத்துச் சௌந்தரம் வாரத்தில் ஆறு நாள் மீன்காரி. அலுமினிய அன்னக்கூடையில் சங்கராவும் மத்தியும் சுமந்து, கடலூர்த் தெருக்களில் குரல் கொடுத்து விற்பவள். வெள்ளிக்கிழமை மட்டும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பஸ் ஏறிச் சிதம்பரம் போய் நடராசரைக் கும்பிடுவாள். பிறகு கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் மகள் மோனிகாவிடம் போய் உட்கார்ந்துகொள்வாள். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் அது.

அங்கேதான் மோனிகா அவளுக்கு இன்டர்நெட்டில் ஒரு பெண்கள் பக்கத்தைக் காட்டினாள். எந்த ஊரென்றே தெரியாத பெண்கள் அதில் அன்றன்று வாங்கியதை எழுதிப் போடுவார்கள். ஒருத்தி எவர்சில்வர் டப்பா வாங்கியிருப்பாள். இன்னொருத்தி தலைக்கு ஒரு கிளிப் வாங்கிவிட்டுப் பத்து வரி எழுதியிருப்பாள். மாவு புளிக்கவில்லை என்றால் ஆளுக்கொரு யோசனை. மூன்றாம் வகுப்போடு நின்ற சௌந்தரம் எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரிப்பாள். போகப் போகத் தானும் சொல்ல ஆரம்பித்தாள், மோனிகா தட்டுவாள். இன்று வாங்கியது: ஒரு முழம் கதம்பம், தாழம்பூ குங்குமம், கொத்சுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய்.

ஒரு வாரம் அமராவதி என்பவள் எழுதியிருந்தாள்: "புதுச் சுடிதார் போட்டுட்டு பஸ்ல போனேன். மீன்காரி ஒருத்தி பக்கத்துல வந்து உக்காந்துட்டா. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ தொவச்சேன்." கீழே எல்லாரும் சிரித்திருந்தார்கள். அதே அமராவதி சௌந்தரத்தையும் கேட்டிருந்தாள்: "அக்கா, நீங்க வாங்குறதெல்லாம் பாத்தா சுத்த சைவம் போல?"

மோனிகா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆமான்னு போடு" என்றாள் சௌந்தரம்.

"ஏம்மா?"

"போடுடி. வெள்ளிக்கிழம நான் சைவந்தான?"

அதிலிருந்து இரண்டு மாதம் அவள் சுத்த சைவ அக்காவாகவே இருந்தாள். ஏகாதசிக்கு என்ன சமைக்கலாம் என்றுகூட அவளைக் கேட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அருள்மொழி என்ற பெண் எழுதியிருந்ததைப் படித்தாள். பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள். வெளியூரில் தனிக்குடித்தனம், துணைக்குப் பெரியவர்கள் இல்லை. பால் போதாமல் பிள்ளை ஓயாது அழுகிறது. பால்சுறா சாப்பிட்டால் பால் ஊறும் என்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் செய்வது? கீழே ஒருத்தி எந்தச் சுறாவும் ஒன்றுதான் என்றிருந்தாள். இன்னொருத்தி சுறாக் கருவாட்டை வறுத்துத் தின்னச் சொல்லியிருந்தாள்.

சௌந்தரம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிள்ளை பெற்ற எத்தனையோ வீடுகளுக்குப் பால்சுறா எடுத்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, அடுப்படி வாசலில் நின்று பக்குவம் சொன்னவள் அவள்.

"சொல்லேம்மா, ஒனக்குத் தெரியாததா?"

"சைவக்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேப்பாங்கடி."

அன்று ஒன்றும் தட்டச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த மூன்று நாளும் சாமி படத்துக்கு விளக்கு ஏற்றினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை கரையில் ஏலத்துக்கு வந்த குவியலில் முழ நீளத்துக்குப் பால்சுறாக்கள் கிடந்தன. விற்று முடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. குளிக்காமல், காலிக் கூடையோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். சௌந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கியவள் கோயிலுக்குள் போகத் துணியாமல், தெருவில் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னாம்மா, கூடையோடவா வந்த? ஆளுங்க இருக்காங்க" என்றாள் மோனிகா மெதுவாக.

"இருக்கட்டும். நான் சொல்றத அப்படியே தட்டு. நான் சைவம் இல்ல, மீன் விக்கிறவ. பொய் சொல்லிட்டேன். அருள்மொழி கண்ணு, பால்சுறா சின்னதா இருக்கணும், மொழத்துக்கு மேல போவக் கூடாது. பச்ச மீனா வாங்கு, கருவாடு வேணாம். மஞ்சத்தூள் போட்டு வேவ வச்சி, தோல உரிச்சி, உதுத்துப் பிழிஞ்சிக்கோ. பூண்டு ஜாஸ்தி, காரம் கம்மியா போட்டு புட்டு மாதிரி வதக்கு. டாக்டரயும் ஒரு தடவ பாத்துடு."

வெள்ளிக்கிழமை பதில்கள் வந்திருந்தன. அமராவதி, தான் அன்று எழுதியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே கையோடு வஞ்சிரம் பார்த்து வாங்குவது எப்படி என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே அருள்மொழி:

"ரொம்ப நன்றிக்கா. போன வாரமே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கருவாட்ட தின்னு எனக்கு வயிறு கெட்டுப்போச்சு. புள்ளைக்கு டப்பா பால் பழக்கிட்டோம். இருந்தாலும் நீங்க சொன்ன மாதிரி செஞ்சி பாக்குறேன்."

சௌந்தரம் திரையில் விரலை வைத்து அதை இரண்டாம் தடவை கூட்டிப் படித்தாள்.

"விடும்மா, அதான் சொல்லிட்டியே. அமராவதிக்கு என்னா போட?"

"கண்ணு தெளிவா, செவுளு செவப்பா இருந்தா வாங்கச் சொல்லு."

விரல் மட்டும் அருள்மொழியின் வரியிலேயே நின்றது.

"நாலு நாளுடி, மோனிகா" என்றாள். "நான் வாயத் தொறக்காத நாலு நாளும் அந்தப் புள்ள அழுதுருக்கும்."